அந்த நாற்காலி காணி உறுதி கேட்பதில்லை



கொழுந்து நிறுக்கும் இடத்தில் இரண்டு கிலோ கூடுதலாகக் கழித்தால் நாம் சும்மா திரும்புவதில்லை. செக்ரோலில் ஒரு பேர் விடுபட்டால், சம்பளச் சீட்டு கைக்கு வந்த அன்றே ஒபிசு வாசலில் நிற்கிறோம். கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைத்த பாட்டிமார்கூட, எந்தக் கிழமை எத்தனை றாத்தல் எடுத்தோம் என்பதை விரலில் வைத்திருந்தவர்கள். இப்படிப்பட்ட மக்களைப் பார்த்துத்தான், "பள்ளிக்கூட நிர்வாகம் உங்களுக்கு விளங்காது, அதைப் படித்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்கிறார்கள். சொல்கிறவர்கள் வெளியாட்கள் மட்டுமல்ல. நம்மவரில் பலர் அதை நம்பியும் இருக்கிறார்கள். அந்தப் பேச்சுக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறோம்.

இந்த முறை உருத்திரபுரத்தை வைத்து எழுதுகிறோம். தோட்டத்துச் சங்கப் பத்திரிகைக்கும் கிளிநொச்சி வயல்வெளிக்கும் என்ன சம்பந்தம் என்று சில இளைஞர்கள் கேட்கக்கூடும். வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். 1958 கலவரத்துக்குப் பிறகு, 73, 74 ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில், 1977 இல், மறுபடி 1983 இல் என்று எத்தனை குடும்பம் மலையை விட்டு வடக்கே போனது என்று சொல்வார்கள். லயத்தில் பக்கத்துக் காம்பராவில் இருந்தவர்கள், பெண் கொடுத்தவர்கள், பெண் எடுத்தவர்கள். வவுனியாவில் இறங்கியவர்கள் உண்டு. இன்னும் வடக்கே போய்க் கிளிநொச்சியில் பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம் என்று குடியேறியவர்கள் உண்டு. தொண்டமான் நகர் என்றே அங்கே ஓர் ஊர் இருக்கிறது. உருத்திரபுரத்து வயல்களில் நாற்று நட்டதும் களை பிடுங்கியதும் சூடு அடித்ததும் நம்மவர் கைகளுந்தான்.

அந்த மண்ணின் கதை இப்படி. இரணைமடுக் குளத்தை நம்பி 1930களில் கிளிநொச்சியில் குடியேற்றத் திட்டம் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் காணியில்லாத குடும்பங்களுக்கு வயலும் மேட்டுக்காணியும் பெர்மிட்டில் கொடுத்தார்கள். பின்னர் உருத்திரபுரமும் அப்படியே வாய்க்கால் வாய்க்காலாக விரிந்தது. நம்மவர் போய்ச் சேர்ந்தபோது காணி பகிர்ந்து முடிந்திருந்தது. மிஞ்சியது அடுத்தவர் வயலில் கூலி வேலையும், வாய்க்கால் கரையிலும் காட்டோரத்திலும் ஒரு கொட்டிலுமே. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டம் பிரஜாவுரிமையைப் பறித்திருந்ததால் காணிக் கச்சேரிக்குப் போய் நிற்கவும் பலருக்குப் பத்திரம் இல்லை. பிறகு யுத்தம். 2008 இன் கடைசியில் உருத்திரபுரம் முழுவதும் மூட்டை கட்டியது. காணி இருந்தவரும் இல்லாதவரும் ஒரே றோட்டில் கிழக்கே நடந்தார்கள், ஒரே பங்கரில் இருந்தார்கள், செட்டிகுளம் முகாமில் ஒரே வரிசையில் தண்ணீருக்கு நின்றார்கள். திரும்பி வந்தபோது காணி இருந்தவருக்குத் திரும்ப ஒரு காணி இருந்தது.

இதைச் சொல்வது பழைய புண்ணைக் கிளறுவதற்காக அல்ல. அந்த ஊரில் ஒரு மனிதருக்கு மரியாதை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கமக்காரர் அமைப்பில் வாய்க்கால் தண்ணீரைப் பற்றிப் பேச வேண்டுமானால் நடைமுறையில் வயல் இருக்க வேண்டும். கோயில் நிர்வாகத்தில் இருக்க வேண்டுமானால் பரம்பரை பார்ப்பார்கள், உபயம் பார்ப்பார்கள். ஊரிலே ஒரேயொரு சபைதான் இதையெல்லாம் கேட்பதில்லை. அது பாடசாலை அபிவிருத்திச் சங்கம். பிள்ளை அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தால் போதும், தாயும் தகப்பனும் அதன் அங்கத்தவர்கள். கையில் பெர்மிட் இருக்கிறதா, எந்த ஊரில் பிறந்தீர்கள், தாத்தா எந்தக் கப்பலில் வந்தார் என்ற கேள்வி அங்கே கிடையாது. பொதுக்கூட்டத்தில் கை தூக்கலாம், கணக்குக் கேட்கலாம், செயற்குழுவுக்கு நிற்கலாம்.

அதிபர் பதவி வழியில் அதன் தலைவர். பெற்றோர், ஆசிரியர், பழைய மாணவர் ஆகியோரிலிருந்து செயற்குழுவைப் பொதுக்கூட்டம் தெரிவு செய்கிறது. இதற்குப் பக்கத்தில் பாடசாலை அபிவிருத்திக் குழு என்று சிறிய குழுவொன்றும் இயங்குகிறது. 2006 இல் பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் வந்தபோது, பள்ளிக்கூட மட்டத்திலேயே திட்டமும் வரவு செலவும் போடட்டும் என்று ஏற்பட்டது அது. அதிலும் பெற்றோர் பிரதிநிதிகளுக்கு இடம் உண்டு. எந்தக் கட்டடத்துக்கு முதலில் கூரை, மலசலகூடத்துக்குக் கதவா மைதானத்துக்கு மேடையா, வந்த பணம் எவ்வளவு, போன பணம் எவ்வளவு என்பதெல்லாம் இந்த இரண்டு மேசைகளிலுந்தான் பேசப்படுகின்றன. ஒரு சதம் சம்பளம் இல்லை. தொண்டு வேலைதான்.

அந்த மேசையில் நம்மவர் இருக்கிறார்களா? கிளிநொச்சிப் பக்கம் உறவுக்காரர் வீடுகளுக்குப் போன நம் சங்கத்தவர் பார்த்துவந்ததைச் சொல்கிறோம். பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். ஒரு பள்ளிக்கூடம் மட்டும் இப்படியென்றால் இதை எழுதவே தேவையில்லை.

பொதுக்கூட்டம் வேலைநாள் ஒன்றில் காலை பத்து மணிக்கு. அறுவடைக் காலம். வந்திருந்ததில் பெரும்பகுதி பெண்கள், அவர்களில் பாதி கூலி வேலைக்குப் போகிறவர்கள், அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள். முன்வரிசைக் கதிரைகளில் கடை முதலாளிகளும், ஓய்வுபெற்ற உத்தியோகத்தர்களும், வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த பழைய மாணவர் ஒருவரும். தெரிவு தொடங்கியது. ஒருவர் முன்மொழிந்தார், இன்னொருவர் வழிமொழிந்தார், கை தட்டினார்கள். ஒரு பிளேன்டீ குடித்து முடிக்கும் நேரத்துக்குள் செயற்குழு ஆகிவிட்டது. பின்வரிசையில் இருந்து ஒரு தாய், "எங்க பக்கத்திலயும் ஒருத்தரப் போடுங்களேன்" என்றாராம். "உங்களுக்கேன் அக்கா உந்தக் கரைச்சல்? கூட்டம் கூட்டமெண்டு திரியவேணும். நாங்கள் பாக்கிறம்தானே" என்று பதில் வந்தது. பதில் சொன்னவர் கெட்ட மனிதர் இல்லை. உண்மையாகவே உதவி செய்வதாகத்தான் நினைத்திருப்பார்.

அதே தாய் அடுத்த நாள் விடியற்காலையில் விறகோடு அதே பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பாடசாலைப் போசாக்குத் திட்டத்தில் பிள்ளைகளுக்குச் சமைக்கும் முறை அன்று அவருடையது. அடுப்பு ஊத அவர் வேண்டும், சிரமதானத்தில் புல் செதுக்க அவர் புருஷன் வேண்டும், விளையாட்டுப் போட்டிக்குப் பந்தல் போட அவர் தம்பி வேண்டும். கணக்குப் புத்தகம் திறக்கும்போது மட்டும் அது அவருக்குக் கரைச்சல்!

மலையில் இது வேறு மாதிரியா? கிடையாது. நம் பள்ளிக்கூடங்களின் கதையை நினைத்துப் பாருங்கள். 1907 ஆம் ஆண்டுச் சட்டம் ஆறு முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு எழுத்துப் படிப்பிக்கும் பொறுப்பைத் தோட்டத் துரையின் தலையில் வைத்தது. துரைதான் வாத்தியாரை நியமித்தார், துரைதான் மணி அடிக்கச் சொன்னார். பிள்ளைமடுவத்துக்குப் பக்கத்தில் ஓர் ஒற்றை அறை, அதில் ஐந்து வகுப்பு, ஒரு வாத்தியார். 1945 இல் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பள்ளிக்கூடம் அதன் வெளியில் நின்றது. 1960, 61 இல் அரசாங்கம் உதவி பெறும் பாடசாலைகளைக் கையேற்றது. தோட்டப் பள்ளிக்கூடம் அப்போதும் வெளியில் நின்றது. 1977 முதல் கட்டம் கட்டமாகத்தான் அவை அரசாங்கத்தின் கைக்கு வந்தன. எழுபது வருஷம்! அந்த எழுபது வருஷத்தில் கொழுந்து எடுத்த ஒரு தாய்க்கு, தன் பிள்ளையின் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு மேசையிலும் ஒரு வார்த்தை சொல்ல வழி இருக்கவில்லை.

இன்று வழி இருக்கிறது. ஆனால் அந்த வழியில் யார் போகிறார்கள்? பல இடங்களில் அரசியல்வாதிக்கு வேண்டியவர், கொந்தராத்துக்காரர், டவுனில் கடை வைத்திருப்பவர். கட்டடத்துக்குப் பணம் வந்தால் கூட்டத்துக்கு வருவார்கள், திறப்பு விழாப் படத்தில் நிற்பார்கள். விஞ்ஞானத்துக்கு ஒரு வருஷமாக ஆசிரியர் இல்லை என்ற கதை வந்தால் அவர்களைக் காணோம். அவர்கள் பிள்ளைகள் டவுன் பள்ளிக்கூடத்தில் அல்லவா படிக்கிறார்கள்!

ஆசிரியர் விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வன்னியும் மலையும் இதில் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் என்று பள்ளிக்கூடங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். கஷ்டப் பிரதேசத்தில் இத்தனை வருஷம் சேவை முடித்தால் இடமாற்றம் கேட்கலாம். அவர்களும் குடும்பக்காரர்கள், தூரத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர்கள். ஆசிரியர்களை நாம் பகைக்கவில்லை, அவர்களும் சம்பளத்துக்குப் போராடுகிற தொழிலாளர்தான். ஆனால் ஒருவர் போகும்போது அடுத்தவர் வந்தாரா என்று யார் பார்ப்பது? அதிபர் ஒரு கடிதம் எழுதுவார். அவருக்கும் மேலே அதிகாரிகள், அதற்கு மேல் அவரால் சத்தம் போட முடியாது. பெற்றோர் பிரதிநிதிக்கு அந்தப் பயம் இல்லை. அவரை யாரும் இடமாற்றம் செய்ய முடியாது. வலயக் கல்விப் பணிப்பாளருக்கு எழுதலாம், பதில் வராவிட்டால் மாகாணத்துக்கு எழுதலாம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், "இந்தப் பாடசாலைக்கு அங்கீகரிக்கப்பட்ட ஆசிரியர் எத்தனை, இருப்பவர் எத்தனை, வெற்றிடம் எந்தத் திகதியிலிருந்து" என்று ஒரு தாளில் கேட்கலாம். பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். இதற்கு இங்கிலீசு தேவையில்லை, பட்டம் தேவையில்லை. தமிழில் எழுதிக் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கத் தெரிந்தால் போதும். சங்கத் தலைவர்களுக்கு அது கைவந்த கலை.

"பள்ளிக்கூடத்துக்குள்ளே தொழிற்சங்கத்தைக் கொண்டு வராதீர்கள், அரசியலாகிவிடும்" என்பார்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. மந்திரி வந்து கட்டடம் திறந்தால் அரசியல் இல்லையாம், பாராளுமன்ற உறுப்பினர் சிபார்சில் காவலாளி வந்தால் அரசியல் இல்லையாம், ஒரு கூலிக்காரி வரவு செலவு கேட்டால் மட்டும் அரசியலாம். சங்கக் கொடியைப் பள்ளிக்கூடக் கூரையில் கட்டச் சொல்லவில்லை. எந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறீர்கள் என்பது அந்த மேசைக்கு வேண்டாத விஷயம். பெற்றோராகப் போங்கள். பேசும் பழக்கத்தைச் சங்கத்திலிருந்து எடுத்துப் போங்கள், அவ்வளவுதான்.

இன்னொரு பேச்சு, இது நம் வீட்டுக்குள்ளிருந்தே வருவது: "நமக்குப் படிப்பு இல்லை, அவமானப்படுத்துவார்கள்." வன்னியில் இதற்கு இன்னும் கூர்மை உண்டு. 'தோட்டக்காட்டான்' என்ற சொல் அங்கே இன்னும் சாகவில்லை. கூட்டத்தில் வாய் திறந்தால் பேச்சு வழக்கை வைத்தே ஆள் யாரென்று கண்டுகொள்வார்கள், ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்புக்குப் பயந்து தாய் வாயை மூடினால், அடுத்த வருஷம் அதே சிரிப்பு வகுப்பறைக்குள் பிள்ளைக்குக் காத்திருக்கும். பிறப்புச் சான்றிதழ் யுத்தத்தில் தொலைந்த பிள்ளை, புத்தகப் பை இல்லாத பிள்ளை, வசதிக் கட்டணம் கட்ட முடியாமல் கடைசி வாங்கில் ஒதுங்கும் பிள்ளை, அறுவடைக் காலத்தில் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிற்கும் பெண்பிள்ளை: இவர்கள் எல்லாம் யாருடைய பிள்ளைகள்? கட்டாயக் கல்வி பதினாறு வயது வரை என்று 2016 இல் ஒழுங்குவிதி வந்துவிட்டது. வரவுப் பதிவேட்டில் சிவப்பு மையில் கோடு விழும் பிள்ளையின் வீடு எந்த ஒழுங்கையில் இருக்கிறது என்பது முன்வரிசைக் கதிரைக்குத் தெரியாது. விறகு கொண்டு வந்த தாய்க்குத் தெரியும். செயற்குழுவுக்கு அந்த அறிவு தேவையில்லையென்றால் வேறென்ன அறிவு தேவை?

வெளிநாட்டுப் பணத்தைப் பற்றியும் ஒரு சொல். வன்னிப் பள்ளிக்கூடங்களுக்குப் புலம்பெயர்ந்த பழைய மாணவர்கள் உதவுகிறார்கள். நல்ல மனது, நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் கொடுத்தவர் சொன்னதுதான் சட்டம் என்றாகக் கூடாது. நுழைவாயிலில் பெரிய வளைவு கட்டுவதா, ஆரம்பப் பிரிவுக்குக் குடிதண்ணீர் வடிகட்டி வைப்பதா என்பதை அந்தத் தண்ணீரைக் குடிக்கும் பிள்ளையின் தாயிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். (வளைவுகள் எங்கேயும் அழகாகத்தான் இருக்கின்றன.)

உலகத்தில் மற்ற இடங்களில் என்ன நடக்கிறது? இங்கிலாந்தில் பள்ளிக்கூடத்தை நடத்தும் குழுவில் இருப்பவர்களைப் பள்ளி ஆளுநர்கள் என்கிறார்கள். சம்பளமில்லாத தொண்டர்கள்தான், ஆனால் வரவு செலவைப் பார்க்கவும் தலைமை ஆசிரியரைத் தெரிவு செய்வதில் பங்கெடுக்கவும் அதிகாரம் உள்ளவர்கள். அவர்களில் சிலரைப் பெற்றோரே வாக்குப் போட்டுத் தெரிவு செய்கிறார்கள். நமக்கு முக்கியமான விஷயம் இதுதான்: அங்கே 1996 ஆம் ஆண்டின் வேலை உரிமைச் சட்டத்தின் 50 ஆம் பிரிவின்படி, அரசாங்கப் பள்ளிக்கூட ஆளுநராக இருக்கும் தொழிலாளிக்கு அந்த வேலைக்காக நியாயமான அளவு நேரம் முதலாளி விட்டுக்கொடுக்க வேண்டும். அந்த நேரத்துக்குச் சம்பளமும் கொடுக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. மாதச் சம்பளக்காரருக்கு அது தாங்கும். பேருக்கு வேலை செய்கிறவருக்குத் தாங்காது. ஆகவே நாம் அதைவிட ஒரு படி மேலே கேட்க வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் 2009 ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21 ஆம் பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்கிறது. மொத்தத்தில் பாதி பெண்கள். பின்தங்கிய பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்கள் தொகைக்கு ஏற்ற இடம். சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் கப்பலேறிப் போய்க் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் தேயிலை மலைகளில் குடியேறிய நம் உறவுகளின் பேரப்பிள்ளைகள் இந்தச் சட்டத்தின் கீழ்தான் படிக்கிறார்கள். சட்டம் எழுதினால் மட்டும் எல்லாம் நடந்துவிடாது, அங்கேயும் கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடும் குழுக்கள் உண்டு. ஆனாலும் "எங்கள் பக்கத்தில் ஒருவரைப் போடுங்கள்" என்று அந்தத் தாய் கெஞ்ச வேண்டியதில்லை. அது எழுதி வைத்த உரிமை.

எங்கள் கோரிக்கைகளைத் தெளிவாகச் சொல்கிறோம். தோட்டங்களில், பாடசாலை அபிவிருத்திச் சங்கச் செயற்குழுவுக்கோ அபிவிருத்திக் குழுவுக்கோ தெரிவான தொழிலாளி கூட்டத்துக்குப் போகும் நாளில் அவருக்குப் பேர் விழ வேண்டும். 2021 இல் ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்கும், 2024 இல் 1,350 ரூபாவுக்கும் எவ்வளவு இழுபறிப்பட்டோம் என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படி வாங்கிய ஒரு நாட்சம்பளத்தைப் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்காக ஒருவர் தன் பையிலிருந்து கொடுக்க வேண்டும் என்பது நியாயமில்லை. கம்பனிக்கு இது பெரிய பாரமும் இல்லை. ஒரு தோட்டத்தில் இரண்டு மூன்று பேர், வருஷத்தில் சில நாள்.

உருத்திரபுரத்தில் பேர் போடக் கம்பனி இல்லை. அங்கே கேட்க வேண்டியது வேறு. பொதுக்கூட்டம் ஞாயிறு பின்னேரமோ போயா நாளிலோ நடக்கட்டும், நெல் வெட்டும் வாரங்களில் வைக்க வேண்டாம். அறிவித்தல் பிள்ளையின் கொப்பியில் முதல் நாள் வந்தால் போதாது, இரண்டு வாரம் முன்பே வரட்டும். கணக்கறிக்கையை வாசித்துவிட்டு மூடாமல் எல்லோரும் பார்க்கும்படி பலகையில் ஒட்டட்டும். பிள்ளைகள் வரும் குடியிருப்பு ஒவ்வொன்றுக்கும் செயற்குழுவில் ஓர் இடம், அதில் பாதி தாய்மாருக்கு. வலயக் கல்வி அலுவலகம் நினைத்தால் இதற்கு ஒரு ரூபா செலவில்லை.

தெரிவாகிப் போகிறவர்களுக்கும் சொல்ல வேண்டும். வாத்தியாரைத் திட்டுவதற்கு அந்த நாற்காலி இல்லை. தன் பிள்ளைக்கு நல்ல வகுப்புப் பிடிப்பதற்கும் இல்லை. வாசிக்காத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள், விளங்கவில்லையென்றால் வாசித்துச் சொல்லும்படி கேளுங்கள். கேட்பது வெட்கமில்லை, சம்பளச் சீட்டில் கழிவு விளங்காவிட்டால் கேட்கிறோம்தானே. தனியாகப் போகாதீர்கள், இரண்டு பேராக நில்லுங்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறிப்பு எழுதலாம். கூட்டம் முடிந்து வந்ததும் உங்கள் லயத்தில், உங்கள் ஒழுங்கையில் உள்ளவர்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அடுத்த முறை கை தூக்க ஒருவரும் வரமாட்டார்கள்.

தோட்டக் கமிட்டித் தலைவர்களுக்கும் மாதர் சங்கத் தலைவிமாருக்கும்: உங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கும் ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் அடுத்த பொதுக்கூட்டம் எந்தத் திகதி, இப்போதைய செயற்குழுவில் தொழிலாளிப் பெற்றோர் எத்தனை பேர் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த மாதக் கமிட்டிக் கூட்டத்தில் சந்தாக் கணக்குக்கு முதல் அதைத்தான் எடுப்போம். வன்னியில் உறவுக்காரர் உள்ளவர்கள் இந்த இதழில் ஒன்றை அவர்களுக்கு அனுப்பி வையுங்கள். அங்கே கூட்டம் எப்போது என்று அவர்கள் எழுதினால் அதையும் இங்கே போடுவோம்.